கறையா, நோயா? கரிசல் கைகளில் நிறம் மாறும் நகங்கள்

கோவில்பட்டிப் பக்கம் ஒருவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள, கையை நீட்டச் சொன்னால் போதும். பருத்திக்காட்டில் களை எடுத்தவருக்கு நகக்கண்ணில் கரிசல் அப்பியிருக்கும். விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேல மூட்டத்தில் கரி அள்ளுகிறவருக்கு அந்தக் கறுப்பு எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போவதில்லை. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிறவரின் நகத்தில் மஞ்சளும் காவியும் கலந்த ஒரு சாயம். சிவகாசிப் பக்கம் போனால் அலுமினியத் தூள் பட்டு மினுங்கும் விரல்கள். மேற்கே தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்களுக்குப் புகையிலைப் பழுப்பு.

இப்படிப்பட்ட பூமியில் நகம் நிறம் மாறினால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "மருந்துக் கறைதான், நாலு நாள் லீவு விட்டா போயிரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பல நேரம் அது உண்மைதான். ஆனால் சில நேரம் அந்தக் கறைக்கு அடியில் ரத்தசோகை இருக்கிறது, கெட்டுப்போன கல்லீரல் இருக்கிறது, சிறுநீரகக் கோளாறு இருக்கிறது. எப்போதாவது புற்றுநோயும் இருக்கிறது. இன்னொரு பக்கம், செல்போனில் யாரோ சொன்ன வீடியோவைப் பார்த்துவிட்டு, நகத்தில் விழுந்த சாதாரண வெள்ளைப் புள்ளிக்காக ஊரிலுள்ள பரிசோதனையை எல்லாம் எடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. நோயைக் கறை என்று விட்டுவிடுவதும், கறையை நோய் என்று பயப்படுவதும் இங்கே ஒருசேர நடக்கின்றன. இரண்டில் அதிக விலை கொடுக்க வைப்பது முதல் தவறுதான்.

1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் மருத்துவர் கேட்டாக வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். நகத்தைப் பொறுத்தவரை இன்றைக்கும் அதுதான் முதல் கேள்வி. நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் 'நிறம்' ஒரு தனிப் பிரிவு. தோலோடு நகத்தின் நிறத்தையும் சேர்த்தே வைத்தியர் பார்ப்பார்.

விளிம்பைப் பாருங்கள்

நகம் என்பது உயிரற்ற, ஒளி ஊடுருவும் ஒரு தகடு. நாம் காணும் இளஞ்சிவப்பு நகத்தின் நிறமல்ல, அதன் கீழே ஓடும் ரத்தத்தின் நிறம். ஆகவே நிறமாற்றம் மூன்று இடங்களில் நடக்கலாம்: தகட்டின் மேலே, தகட்டுக்கு உள்ளே, தகட்டுக்குக் கீழே.

மேலே படிந்த கறையா என்று பார்க்கத் தோல் டாக்டர்கள் கையாளும் வழி எளிது. நகம் தோலுக்குள் போய்ச் சேரும் அடிப்பக்கத்தில் கறையின் விளிம்பு எப்படி வளைந்திருக்கிறது என்று கவனிக்க வேண்டும். அடித்தோலின் மடிப்பு எந்தப் பக்கம் வளைகிறதோ அதே போக்கில் கறையும் வளைந்து, மடிப்புக்கும் கறைக்கும் நடுவே சுத்தமான புது நகம் தெரிந்தால், நிறம் வெளியிலிருந்து வந்தது. அடியில் தெரியும் வெள்ளைப் பிறையின் வளைவை ஒட்டி நிறத்தின் விளிம்பு போனால், காரணம் பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கிறது. சந்தேகமென்றால் டாக்டர் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார். மேல்பூச்சு உதிரும், உள்நிறம் அசையாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது வேகம். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் புதிதாக வர ஏறத்தாழ 6 மாதம் ஆகும். கால் நகம் மெதுவானது. ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொள்ளும். அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் தன் நகம் வளரும் வேகத்தை 35 ஆண்டுகள் விடாமல் அளந்து பதிந்தவர். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. அந்தப் பொறுமை நமக்குத் தேவையில்லை. தீபாவளிக்கு வைத்த மருதாணி பொங்கலின்போது எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே வேகம் தெரிந்துவிடும். நகத்தின் குறுக்கே பள்ளமாக ஒரு கோடு அடிப்பக்கத்திலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், இரண்டு மாதம் முன்பு உடம்பைப் போட்டு உலுக்கிய காய்ச்சல் ஒன்று வந்திருக்கிறது என்று கணக்கிடலாம். பிரெஞ்சு மருத்துவர் போ 1846இல் இதைச் சொன்னார். அந்தக் கோட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

மருந்து முக்கும் கை

தீக்குச்சி முனையில் இருக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் முக்கியம். அவற்றோடு வஜ்ஜிரப் பசை, கண்ணாடித் தூள், நிறத்துக்குக் காவி எனப் பலவும் சேர்கின்றன. எரிவதைச் சீராக்கக் கொஞ்சம் பொட்டாசியம் டைக்ரோமேட்டும் சேர்ப்பதுண்டு. ஆரஞ்சு நிறமுள்ள இந்த குரோமிய உப்பு நகத்தில் மஞ்சள் காவியாகப் பிடிக்கும். அது வெறும் கறையாக நின்றுவிட்டால் கவலையில்லை. நகம் வளர வளர வெளியேறிவிடும்.

சிலருக்கு அப்படி நிற்பதில்லை. குரோமியம் தோலுக்கு ஒவ்வாமல் போய்விடுகிறது. விரல் நுனி அரிக்கிறது, வெடிக்கிறது, நகத்தைச் சுற்றித் தோல் தடிக்கிறது. நகமும் மேடும் பள்ளமுமாகி நிறம் மங்குகிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் உடம்பு அதை மறப்பதே இல்லை. சிமென்ட்டிலும் குரோமியம் உண்டு என்பதால், தீப்பெட்டி வேலையை விட்டுக் கொத்தனார் வேலைக்குப் போனாலும் அதே அரிப்பு கூடவே வரும். லீவில் குறைந்து வேலைக்குப் போனதும் திரும்புகிற அரிப்பைக் களிம்பு போட்டுச் சமாளித்துக்கொண்டே இருப்பது வீண். தோல் டாக்டரிடம் போகும்போது என்ன மருந்தில் கை வைக்கிறோம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு பெரிய ஆபத்திலிருந்து இந்தத் தொழிலாளர்கள் தப்பித்ததையும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தீப்பெட்டித் தொழிலாளர்களின் தாடை எலும்பை வெள்ளைப் பாஸ்பரஸ் அரித்துத் தின்றது. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அதைத் தடுக்க ஒப்பந்தம் போட்டன. 1913இல் இந்தியாவில் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு சிவகாசி திரும்பியது அதற்குப் பத்தாண்டு கழித்து, 1923இல். பெட்டியின் பக்கவாட்டில் தடவும் சிவப்புப் பாஸ்பரஸுக்கு அந்த விஷம் கிடையாது.

வயலிலும் இப்படித்தான். களைக்கொல்லி பாராகுவாட்டை வெறுங்கையால் கலக்கிறவர்களுக்கு நகத்தில் வெள்ளைப் பட்டை விழலாம், நகம் நிறம் மாறிக் கழன்றும் போகலாம். தெளிப்பானில் ஒழுகும் மருந்து எந்தக் கையில் படுகிறதோ அந்தக் கை நகம்தான் முதலில் கெடும். டிரினிடாட் கரும்புத் தோட்டங்களில் மருந்தடித்தவர்களின் நகங்களைப் பற்றிய ஆய்வொன்று 1971இலேயே வந்துவிட்டது. பாராகுவாட் வயிற்றுக்குள் போனால் முறிமருந்து இல்லை என்பதால், நகம் காட்டும் இந்த எச்சரிக்கையை மதித்துக் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

வெளுத்த நகம்

கரிசல் பூமியில் நகத்தைப் பார்த்து முதலில் சந்தேகப்பட வேண்டிய நோய் ரத்தசோகை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. பாதிக்கு மேல்! தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஒன்றில் இருபது பெண்கள் ஏறினால், இந்தக் கணக்குப்படி பத்துப் பேருக்காவது ரத்தம் குறைவு.

முதலில் நகத்தின் சிவப்பு வடியும். அழுத்திவிட்டால் சட்டென்று திரும்ப வேண்டிய ரத்த ஓட்டம் மங்கலாகத் திரும்பும். இரும்புச் சத்து தொடர்ந்து குறைந்தால் நகம் மெலியும், ஓரம் பிய்யும், மேடாக இருந்த நகம் தட்டையாகும். கடைசியில் நடுவில் குழிந்துவிடும். அந்த நகத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் அப்படியே நிற்கும். அந்த நிலைக்கு வந்தவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கும், அடுப்பைப் பற்ற வைத்து எழுந்தால் தலை சுற்றும். கேட்டால், "வேலை ஜாஸ்தி, அதான் அசதி" என்பார்.

காரணங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மாதவிடாயில் அதிக ரத்தப் போக்கு, அடுத்தடுத்த பிரசவம், குடற்புழு. வேன் வருவதற்குள் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு ஒரு டீயோடு ஓடுவது. சாப்பிட்டாலும் கையோடு டீ குடிப்பது. டீயில் உள்ள துவர்ப்பு, உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேராமல் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் அந்த நஷ்டம் குறையும். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கம்மங்கூழும் முருங்கைக்கீரையும் இந்த மண்ணின் சாப்பாடுதான். அரிசி வந்து அவற்றைத் தட்டிலிருந்து ஒதுக்கிவிட்டது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நல்ல தின்பண்டம்தான். ஆனால் கருப்பட்டியையும் வெல்லத்தையும் நம்பிக்கொண்டு ரத்தசோகைக்கு மாத்திரை வேண்டாம் என்று இருப்பது ஆபத்து. நகம் குழிந்த பிறகு மருந்துதான் வழி.

அந்த மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிகளில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையும் இதற்குத்தான். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று பலர் பாதியில் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இரும்பால், பயப்பட ஒன்றுமில்லை. ரத்த அளவு ஏறிய பிறகும் சில மாதங்கள் சாப்பிட்டால்தான் உடம்பின் இருப்பு நிரம்பும். ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும். நகத்தைப் பார்த்து எத்தனை கிராம் ரத்தம் என்று சொல்ல யாராலும் முடியாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அதைச் சொல்வது விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம்தான்.

வெள்ளையிலும் பல வெள்ளை

வெளுப்பு எல்லாமே ரத்தசோகை அல்ல. நகம் முழுக்கத் தேய்த்த கண்ணாடிபோல வெள்ளையாகி, நுனியில் மட்டும் மெல்லிய சிவப்புப் பட்டை மிச்சமிருந்தால், மருத்துவர்கள் கல்லீரலைச் சந்தேகிப்பார்கள். பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் டெர்ரி 1954இல் 'லான்செட்' இதழில் இதை எழுதினார். கல்லீரல் சுருக்கம் வந்த 100 பேரைப் பார்த்ததில் 82 பேருக்கு இந்த நகம். குடிப்பழக்கம் உள்ள ஒருவரின் நகம் இப்படி மாறினால், வயிறு வீங்கும்வரை வீட்டார் காத்திருக்கக் கூடாது. முதுமையிலும் இதயக் கோளாறிலும் சர்க்கரை நோயிலும்கூட இது வரும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது.

அடிப்பாதி வெள்ளை, நுனிப்பாதி செம்பழுப்பு என்று நகம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோயின் அடையாளமாக இருக்கலாம். 1967இல் லிண்ட்சே என்பவர் இதற்குப் 'பாதிக்குப் பாதி நகம்' என்றே பெயர் வைத்தார். பத்து வருடமாகச் சர்க்கரை உள்ளவர், ரத்தக் கொதிப்பு உள்ளவர் இதைக் கண்டால் கிரியாட்டினின் பார்த்துவிட வேண்டும். நகத்தின் குறுக்கே இரட்டை வெள்ளைக் கோடுகள் விழுந்து, அழுத்தினால் மறைந்துபோனால், ரத்தத்தில் அல்புமின் குறைந்திருக்கிறது. கோடு அழுத்தினாலும் மறையாமல், நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்தால் அது வேறு. ஆர்சனிக் போன்ற நஞ்சு உடம்பில் ஏறியதன் தடமாகவும் அது இருக்கலாம்.

இனி, எல்லோரும் பயப்படுகிற அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி. கண்மாயில் தண்ணீர் கிடக்கும் காலத்தில் கொக்குக் கூட்டம் தலைக்கு மேல் பறந்தால், கிராமத்துப் பிள்ளைகள் கை நகங்களை ஆட்டிக்கொண்டு பூப் போடச் சொல்லிக் கத்துவார்கள். நகத்தில் வெள்ளை விழுந்தால் கொக்கு பூப் போட்டுவிட்டது. பெரியவர்களுக்கோ அது புதுத்துணி வரும் சகுனம். கால்சியம் குறைவு என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குவதைவிட அந்த நம்பிக்கை எவ்வளவோ மேல். நகத்தின் வேரில் சில வாரங்களுக்கு முன் பட்ட சிறு இடிதான் அந்தப் பூ. நகம் வளர்ந்து வெட்டும்போது அதுவும் போய்விடும்.

ஈரக் கை, சொத்தை நகம்

டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர், ஓட்டலில் மாவாட்டுகிறவர், நாளெல்லாம் பசையில் கை வைத்துப் பெட்டி ஒட்டுகிறவர் என ஈரத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் நகத்தின் அடித்தோல் ஊறிப் பிரிகிறது. அந்த இடுக்கில் கிருமி குடியேறுகிறது. பச்சை நிறம் பிடித்தால் அது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. மஞ்சளாகித் தடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தால், ஊரில் நகச்சொத்தை என்கிற பூஞ்சை. விரல் வீங்கித் தெறிக்கிற நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழத்தைத் துளைபோட்டு மாட்டிக்கொள்வது வழக்கம். சீழ் பிடித்துவிட்டால், அதிலும் சர்க்கரை உள்ளவருக்கு என்றால், டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும்.

பூஞ்சையில் ஒரு சிக்கல் உண்டு. சொரியாசிஸிலும் நகம் மஞ்சளாகும், தடிக்கும். சொத்தையாகத் தெரியும் நகங்களில் ஏறத்தாழ பாதிதான் உண்மையில் பூஞ்சை. நகத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்த பிறகே மருந்து தொடங்குவது முறை. வழக்கமான மாத்திரை கைநகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும்.

கறுப்பும் நீலமும்

சுத்தியல் பட்டு ரத்தம் கட்டிய கறுப்பு, வாரக்கணக்கில் நுனியை நோக்கி நகரும். மாநிறத்தவர்களுக்குப் பல விரல்களில் நெடுக மெல்லிய பழுப்புக் கோடு இருப்பதும் இயல்பே. வைட்டமின் பி12 குறைந்தாலும் நகமும் விரல் கணுக்களும் கறுக்கும். இந்தத் தோல் கறுப்பு பி12 குறைவின் அடையாளம் என்பதை 1963இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியவர்கள் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் எஸ்.ஜே.பேக்கரும் அவருடைய குழுவினரும்தான். வைட்டமின் கொடுத்தால் நிறம் திரும்பிவிடும்.

விடக்கூடாத கறுப்பு ஒன்றே ஒன்று. ஒரே ஒரு நகத்தில், நடுவயதுக்குப் பிறகு, புதிதாகத் தோன்றிய கறுப்புக் கோடு மாதத்துக்கு மாதம் அகலமாகி, நகத்தைத் தாண்டிச் சுற்றுத் தோலிலும் பரவினால் அது மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் வந்தது இதுதான். பந்து விளையாடும்போது பட்ட காயம் என்று நினைத்திருந்தார். 1977இல் புற்றுநோய் என்று தெரிந்தது. 1981 மே 11 அன்று 36 வயதில் இறந்துபோனார். நம் ஊரில் இது அபூர்வம். கரியும் கரிசலும் பழகிய கண்ணுக்கு இந்தக் கறுப்பு எளிதில் தப்பிவிடும் என்பதால்தான் இங்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீலம் அவசரம். இதயமோ நுரையீரலோ ரத்தத்துக்குப் போதிய ஆக்சிஜன் தராதபோது நகமும் உதடும் நீலம் பாரிக்கும். தீப்பெட்டி பூமியில் இன்னொரு காரணமும் உண்டு. மருந்துக்கான பொட்டாசியம் குளோரேட் வயிற்றுக்குள் போனால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்து பழுப்பாகிவிடும்; நகம் நீலமாகும். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் மருந்துப் பொடியை வைக்கவே கூடாது. கிணற்றில் நைட்ரேட் ஏறினாலும் இதே விளைவு கைக்குழந்தைகளுக்கு வரும். உரம் அதிகம் போடும் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் பச்சிளங்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கக் கூடாது. குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்த எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

நகம் ஓர் ஊரின் சோற்றையே காட்டிக்கொடுத்த கதை ஒன்று சமீபத்தில் நடந்தது. நம்மைப் போலவே கரிசலும் பருத்தியும் உள்ள மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில், ஷேகாவ் வட்டாரக் கிராமங்களில் 2024 டிசம்பர் கடைசியில் மக்களுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முதலில் ஷாம்பூ, பிறகு தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். 2025 ஏப்ரலில் அதே கிராமங்களில் நகங்களும் கெட்டு, உடைந்து விழத் தொடங்கின. தேள்கடி சிகிச்சைக்குப் பேர்போன மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அங்கே போய் ஆராய்ந்து, ரேஷன் கோதுமையில் செலினியம் மிகுந்திருப்பதாகச் சொன்னார். முடி, நகம் இரண்டையும் ஒருசேர அடிப்பது செலினியத்தின் குணம். ஒரு தெருவில் ஒரே நேரத்தில் பலருடைய நகம் கெட்டால், தனித்தனியாகக் களிம்பு வாங்காமல் சுகாதார நிலையத்தில் ஒன்றாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ போகும்போது நகப்பூச்சை அழித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்த மருந்தில் கை வைக்கிறீர்கள், எத்தனை மாதமாக நிறம் மாறியிருக்கிறது, ஒரு விரலிலா பத்து விரலிலா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பெண்கள் அப்படியே ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். நீல நகத்துக்கு மட்டும் நேரம் பார்க்க வேண்டாம். உடனே 108க்குப் போன் போடுங்கள்.